நெல்லறைக்குள்ள குவைத்

இல்லக்கா, கலியாணத்தக் கொழப்ப வந்த ஆளில்ல நான். ஆண்டவன் அறிய இல்ல. கொழப்பிற ஆளெண்டா உங்கட மகன்ட போனுக்கு ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டு வீட்டில கெடந்திருப்பன். இந்த வெயிலுக்க செங்கலடிச் சந்திக்கு வந்து, சீதேவிப்பிள்ளையக்காட தயிர்க்கடை இதுதானா எண்டு நாலு பேரிட்டக் கேட்டுக்கிட்டு நிப்பனா? நீங்க சட்டியக் கட்டுங்க, நான் என்ட பாட்டில சொல்றன். விசயம் ஒண்டுதான். உங்கட மகன் பிரதீஸ் கட்டப் போற ஆர்த்திகா இரிக்காளே, அவட தாய் குவைத்தில இல்ல. சித்தாண்டியிலதான் இரிக்கா. நீங்க போய்ப் பாத்திட்டு வந்த அந்த வீட்டுக்குள்ளயேதான் இரிக்கா.

ஓம், விளங்குது. ஆரெண்டாலும் இப்பிடித்தான் பாப்பாங்க. பக்கத்து வளவு எண்டு வச்சிக்கங்களன். பேர் என்னத்துக்கு? பேரச் சொன்னா நீங்க அதப் பிடிச்சிக்கிட்டு மற்றதக் கேக்க மாட்டீங்க. இந்த வாங்கில கொஞ்சம் இரிக்கட்டா? கால் ரெண்டும் கொதிக்குது. பஸ்ஸிலதான் ஏறினன். வந்தாறுமூலையில கம்பஸ் பொடியனுகள் கனபேர் ஏறினாங்க, மூச்சு முட்டிற மாதிரி வந்துட்டு, இறங்கி நடந்து வந்துட்டன். தண்ணி வேணாம். இல்ல, சரி, தாங்க.

அவ பொய்யுக்குப் போன ஆளுமில்ல, அதுதான் வில்லங்கம். உண்மையாத்தான் வெளிக்கிட்டவ. வீடு அரைகுறையாக் கெடக்கு, பெட்டைக்கு அந்த வீட்டத்தான் குடுக்கணும், எழும்பி நில்லாத வீட்டுக்கு ஆர் மாப்பிள்ள தருவான்? அவக்கு அதுக்கு ஒரு வருசத்துக்கு முன்னமே ஒண்டும் சரியில்ல. சாப்பாடு இல்ல, ஒருத்தரோடயும் கதை இல்ல. வெளிநாட்டுக்குப் போனா எல்லாம் மாறும் எண்டு எல்லாரும் சொன்னாங்க. பாஸ்போட், மெடிக்கல், ஏஜென்சி எல்லாம் முடிஞ்சிது. ஒரு வீடு விடாமப் போய்ச் சொல்லிட்டு வந்தா. ஒருத்தி பேரீச்சம்பழம் கேட்டாள், ஒருத்தி வாசனைப் போத்தல் கேட்டாள். முருகன் கோயிலில அருச்சனையும் செஞ்சிது. மனிசன் நல்லரத்தினம்தான் வானில கூடப் போய் எயாப்போட் வாசலில இறக்கி விட்டாரு.

அந்த வாசலில சூட்கேசப் பிடிச்சிக்கிட்டு நிண்டவ நிண்டவதான். உள்ளுக்குப் போகவும் ஏலல்ல, திரும்பவும் ஏலல்ல. கூட வந்த பொம்புளையள் எல்லாம் வரிசையில போயிட்டாங்க. இவ நிண்ட நிலையில சீலையோட ஒண்டுக்குப் போயிட்டா. சொல்லப்படாது, சொல்லிட்டன். பாவம் மனிசன், அவர் என்ன செய்வாரு? அவவயும் சூட்கேசயும் அதே வானில ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. வந்து சேரக்குள்ள சரியான மாரி மழை. றோட்டில ஒரு குஞ்சு குருமான் இல்ல. ரெண்டு நாளைக்கு உள்ள இரி, ஆறுதலாச் சொல்லுவம் எண்டு அறைக்குள்ள விட்டாரு. அந்த ரெண்டு நாள் இப்ப பத்தொன்பது மாசம்.

ஏனெண்டா முன்வீட்டுக்காரி ஒருத்தி அந்த மழைக்குள்ளயும் குடையப் பிடிச்சிக்கிட்டு வந்து கேட்டுட்டாள், அஜந்தா போய்ச் சேந்துட்டாளா அண்ணன், கோல் எடுத்தாளா எண்டு. மனிசன் வாய் தவறி, ஓம் சேந்துட்டா எண்டுட்டாரு. முடிஞ்சிது. ஒருக்கா ஓம் எண்டவன் மறுகா என்னத்தச் சொல்ற? எயாப்போட்டில மூத்திரம் பேஞ்சிட்டுத் திரும்பி வந்தாள் எண்டா? விசர் எண்டு ஊரில பேர் விழுந்தா அந்தப் பெட்டைய ஆர் எடுப்பான்? நீங்க எடுப்பீங்களா? பாத்தீங்களா, சட்டிப் பக்கம் திரும்பிட்டீங்க. உங்களில பிழை சொல்லல்லக்கா. நானும் அப்பிடித்தான் இருந்திருப்பன்.

ஓம், உங்களுக்குத் தந்த சொக்லேட்டும், கோடாலித் தைலமும், அந்த மணக்கிற சவுக்காரமும் காத்தான்குடிக் கடையில வாங்கினது. ஆர்த்திகா போய் வாங்கி, ஒட்டியிரிக்கிற விலைத் துண்டெல்லாம் நகத்தால சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் ஊருக்குக் குடுக்கிறவள். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, அதுக்கு நானும் சிரிச்சனான். சிரிப்பு வராத ஒண்டு சொல்லட்டா? அந்தக் கல்வீட்டப் பாத்து ஊரெல்லாம் சொல்லுது, குவைத்துக் காசாம். அது நல்லரத்தினம் ரெண்டு போகமும் வயல் வட்டையில கெடந்து வெள்ளாம செஞ்சி, முதுகு முறிஞ்சி கட்டின வீடு. பொஞ்சாதி அனுப்புறாள், இவருக்கென்ன எண்டு சனம் அவரிட்டயே சொல்லுது. அவரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கிட்டு வாறாரு.

என்ன வருத்தம் எண்டா என்னத்தச் சொல்ல. காய்ச்சல் எண்டா தொட்டுப் பாக்கலாம். இது அப்பிடியில்ல. நீங்க கண்ண முழிச்சா எழும்பிருவீங்க, அதுக்கொரு யோசனையா? அவ முழிச்சி ரெண்டு மணித்தியாலம் முகட்டப் பாத்துக்கிட்டுக் கெடப்பா. எழும்பணும் எண்டு தெரியும், காலக் கீழ வைக்கணும் எண்டும் தெரியும், கால் வராது. பிரஷ்ஷில பேஸ்ட்ட வச்சிட்டு அப்பிடியே நிப்பா, வாய்க்குக் கொண்டுபோக முன்னம் அது காய்ஞ்சிரும். குளிக்கிறது கிழமைக்கு ஒருக்கா. அதுவும் ஆர்த்திகா பக்கத்தில நிண்டு, கையத் தூக்குங்கம்மா, மற்றக் கையத் தூக்குங்கம்மா, குனியுங்கம்மா எண்டு ஒவ்வொண்டாச் சொல்லணும். இடுப்பு மட்டும் கெடந்த தலமயிர் சிக்குப் பிடிச்சிக் கட்டியாப் போய், கத்திரிக்கோலால வெட்டி எடுத்தாங்க. வெட்டக்குள்ள அழுதது மகள்தான். அவ சும்மா இருந்தா.

அவக்கு அழுகை வாறது வேற எடத்தில. ஒருநாள் மனசத் தேத்திக்கிட்டு எழும்பி குசினிக்குப் போனா, இண்டைக்கு நான் சோறாக்கிறன் எண்டு. மகளுக்கும் சந்தோசம், மனிசனுக்கும் சந்தோசம். அரிசியக் கழுவினா. கழுவிட்டு, அடுத்தது என்ன செய்யிற எண்டு தெரியா. இருபத்தஞ்சி வருசம் ஆக்கின கையக்கா அது! பானைய மடியில வச்சிக்கிட்டு நிலத்தில இருந்துட்டா. மனிசன் நல்லதுக்குத்தான் கேட்டாரு, கத்தரிக்காய் ஆக்குவமா, பயத்தங்காய் ஆக்குவமா எண்டு. எது எண்டு சொல்லத் தெரியல்ல. ரெண்டில ஒண்டு சொல்லத் தெரியல்ல. அதுக்கு அழுதா பாருங்க, கத்தரிக்காய்க்கு ஆரும் அப்பிடி அழுவாங்களா? சோம்பேறி, பஞ்சி பிடிச்ச மூதேவி, எழும்படி எண்டு நானே அவவ ஏசாத ஏச்சில்ல. எத்தின தரம் ஏசியிரிக்கன். ஏசினா எழும்புவா எண்டு நினைச்சன். கூடத்தான் அமுங்கிப் போனா.

அந்தத் தம்பிக்கு ரெண்டு சட்டி குடுத்து அனுப்பிட்டு வாங்க, நான் இரிக்கன். அவர் ஏன் என்னையே பாக்காரு? சித்தாண்டிப் பக்கமா? இல்லயா. சரி, சரி.

பயமும் அப்பிடித்தானக்கா. கேஸ் மூடினதா எண்டு ஒம்பது தரம் போய்ப் பாப்பா, பத்தாம் தரம் போக எண்டு நடுவில நிண்டு தலையில அடிச்சிக்குவா. போன் அடிச்சா ஆரோ செத்துட்டாங்க எண்டே நினைப்பு. மகள் வேலையால வர பத்து நிமிசம் சொணங்கினா, லொறி அடிச்சிட்டு, றோட்டில கெடக்காள் எண்டு உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகும். வாசல் கடப்படியில மோட்டார் சைக்கிள் நிண்டா, கட்டிலுக்குக் கீழதான். இருமல் வந்தா தலகாணிக்குள்ள. ஃபேன் போடுறல்ல, ஆளில்லாத அறையில ஃபேன் ஏன் சுத்துது எண்டு ஆரும் கேட்டா?

மாங்கேணியில அவட அண்ணன் செத்தாரு. கூடப் பொறந்தவர், தோளில தூக்கி வளத்தவர். குவைத்தில இரிக்கிறவ செத்தவீட்டுக்கு எப்பிடிப் போற? மனிசனும் மகளும் போனாங்க. குவைத்து வீட்டுக்கார மடம் லீவு விடல்லயாம், பாவம் அஜந்தா எண்டு சனம் கதைச்சிதாம். அவ இஞ்ச அறைக்குள்ள சீலைத் தலைப்ப வாய்க்குள்ள திணிச்சிக்கிட்டு, சுவரில தலைய முட்டிக்கிட்டு இருந்தா. ஒரு சத்தம் போட்டு அழ ஏலல்லக்கா. பாவிகள், ஒரு சத்தம்.

ஏன் டொக்டரிட்டக் காட்டல்ல? நல்லாக் கேட்டீங்க. ஆர்த்திகா போனவள். தாய்க்கு இப்பிடி இப்பிடியெல்லாம் இரிக்கு எண்டு ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு போய்க் குடுத்திரிக்காள். அந்த டொக்டர் நல்ல பொம்புளையாம். இது வருத்தம்தான் மகள், மருந்திரிக்கு, கனபேருக்குச் சுகமாகியிரிக்கு, ஆளக் கூட்டிட்டு வாங்க எண்டு சொல்லியிரிக்கா. ஆள எங்க கூட்டிட்டுப் போற? ஆள்தான் குவைத்தில இரிக்கே! கிளினிக் வாங்கில ஊராக்கள் நாலு பேர் இருப்பாங்க. காணாத ஆளுக்கு ஆர் மருந்துத் துண்டு எழுதித் தருவா?

அதுக்குள்ளதான் உங்கட சம்மந்தம் வந்திது. நல்ல இடம், நல்ல பொடியன், தாயும் தங்கமான மனிசி எண்டு எல்லாரும் சொன்னாங்க. போன ஞாயிறு வீடு பாக்க வந்தீங்க. ஒவ்வொரு அறையாத் தொறந்து பாத்தீங்க. பின்பக்கத்து அறை பூட்டிக் கெடக்கக்குள்ள, இது என்ன எண்டு கேட்டீங்க. நெல்லு மூட்ட அடுக்கியிரிக்கு மச்சாள், எலி வரும், அதால பூட்டி வச்சிரிக்கம் எண்டு நல்லரத்தினம் சொன்னாரு. நீங்க கதவில கையக் கூட வச்சீங்க. நல்ல பலகை, முதிரையா எண்டு கேட்டீங்க.

இப்ப வாற புதன்கிழமை கலியாண எழுத்தும் தாலிகட்டும். உங்கட மகன் நல்ல மனசோட ஒரு யோசன சொல்லியிரிக்காரு, ஆர்த்திகா வந்து சொல்லி அழுதாள். மாமிக்கு லீவில்லாட்டி என்ன, வீடியோ கோல் எடுத்து மண்டபத்தில பெரிய டீவியில போடுவம், தாலி கட்டக்குள்ள அவ அங்க இருந்து ஆசீர்வாதம் செய்யட்டும் எண்டு. மனிசன் இப்ப அறைச் சுவருக்கு ஒட்ட வெளிநாட்டுப் பூப்போட்ட கடதாசி தேடித் திரியிறாரு. புறகு இன்னொண்டு. கலியாணம் முடிஞ்சா உங்கட மகன் அந்த வீட்டுக்குத்தானே வரப்போறாரு. மாப்பிள்ள வந்தா அறையத் தொறக்கத்தானே வேணும்? அதால, எழுத்துக்கு அடுத்த நாள் விடிய அவவ வட்டைக்குள்ள வாடிக்குக் கொண்டுபோய் வைக்கிறதாம். வயலுக்குக் காவல் இரிக்கக் கட்டின குடில்தான். கொஞ்ச நாளைக்கி எண்டுதான் சொல்றாரு. ரெண்டு நாளைக்கி எண்டு சொன்ன அதே மனிசன்தான்.

அவரக் கெட்டவர் எண்டு நினைச்சிராதீங்க. அவரப்போல மனிசன் கிடைக்காது. சோத்தக் கொழைச்சி ஊட்டி விட்டவர். ஊருக்குப் பயந்த மனிசன், அவ்வளவுதான்.

எனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியுமா? வேலிக்கு மேலால பாத்தா இவ்வளவும் தெரியாதுதான். ஓம். நீங்க கெட்டிக்காரி.

அண்டைக்கி நீங்க விறாந்தைக் கதிரையில இருந்து கோப்பி குடிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள குவைத்தில இருந்து கோல் வந்திதே, ஆர்த்திகா டீவிச் சத்தத்தக் கூட்டி வச்சிட்டு, அவட போன உங்கட கையில தந்தாளே. அது அந்த முதிரைக் கதவுக்கு அங்கால இருந்து நான் கதைச்சது. போர்வைக்குள்ள தலைய வச்சிக்கிட்டு. ஓம் மச்சாள், நான்தான் அஜந்தா. போட்டோவில மாதிரி இல்லத்தான், அப்ப உடம்பிருந்தது. எழும்பாதீங்க, இரிங்க. நீங்க எழும்பினா நான் ஓடிருவன், எனக்கு என்னையே நம்ப ஏலா.

நீங்க கேட்டீங்க, அங்க சரியான வெக்கையாமே, எப்பிடித் தாங்குறீங்க எண்டு. ஏசி இரிக்கு மச்சாள் எண்டு சொன்னன். வேர்வை கண்ணுக்குள்ள ஓடுது, ஏசி இரிக்கு எண்டு சொன்னன்! மறுகா நீங்க ஒரு மாதிரி நிப்பாட்டிட்டு, உங்கட குரல் சரியில்ல மச்சாள், உங்களுக்கு என்னமோ சுகமில்ல, ஆரிட்டயாவது காட்டுங்க எண்டு சொன்னீங்க. சளி, தடிமன் எண்டு சொல்லிட்டு வச்சிட்டன். வச்சிட்டு ஒரு பகல் முழுக்க அழுதன். மனிசனும் மகளும் என்னப் பாத்துப் பாத்துப் பழகிட்டாங்க. என்னக் காணாத ஒருத்தி, போனில ரெண்டு நிமிசம் கேட்டுட்டு, உனக்குச் சுகமில்ல எண்டு கண்டுபிடிச்சிட்டா. அதுதான் உங்களிட்ட வந்தன். வேற ஆரையும் எனக்குத் தெரியா.

இல்ல, வீடியோ கோலுக்காக இல்ல. அத எப்பிடியும் செஞ்சிருப்பன், புள்ளைக்காகச் சிரிச்சிருப்பன். அறைய விடுறதுக்கும் இல்ல. அந்த வாடிக்குள்ள வெள்ளாமைக்கு அடிக்கிற மருந்துப் போத்தலெல்லாம் மூலையில அடுக்கி வச்சிரிக்கு மச்சாள். அவருக்கு அது ஞாபகத்தில இல்ல. எனக்கு ஒரு கிழமையா அது மட்டும்தான் ஞாபகம்.

அழாதீங்க. நீங்க அழுதா நான் என்ன செய்ய? எனக்குச் சாக விருப்பமில்ல. உண்மையா இல்ல. இருந்தா இஞ்ச வந்திருப்பனா? மனிசன் வட்டைக்குப் போக, மகள் வேலைக்குப் போக, காலையில இருந்து செருப்பப் போடுறதுக்கே ஒரு மணித்தியாலம் எடுத்தன். இஞ்ச வந்து சேந்துட்டன். திரும்பிப் போகத்தான் ஏலாது, கால் வராது. கலியாணத்த நிப்பாட்டாதீங்க, அவள் பாவம், அவளிட்ட ஒரு பிழையும் இல்ல, பொய் சொன்னதத் தவிர. ஆனா என்னைய இண்டைக்கு வீட்ட அனுப்பாதீங்க. டொக்டரிட்டக் கொண்டு போங்க. தனியப் போனா நான் இடையில இறங்கிருவன்.

ஆருக்குக் கோல் எடுக்கிறீங்க? பிரதீஸ் தம்பிக்கா? என்ன சொல்லப் போறீங்க? இல்ல மச்சாள், அது வேணாம். நல்ல மனசிலதான் சொல்றீங்க, விளங்குது, மாமி குவைத்தில இருந்து திடீரெண்டு வந்துட்டா எண்டு சொன்னா எல்லாருக்கும் மரியாதையா முடிஞ்சிரும்தான். வந்தவளெண்டா நான் சூட்கேசோட வரணும், வீட்டுக்கு வீடு போய்ச் சிரிக்கணும், மடத்தப் பத்திக் கதை சொல்லணும், பேரீச்சம்பழம் பங்கு வைக்கணும். எனக்குப் பல்லு விளக்கவே ஏலல்ல. இன்னொரு பொய்யத் தூக்க எனக்குச் சக்தியில்ல. அவ எங்கயும் போகல்ல, இஞ்சதான் கெடந்தவ, சரியான சுகமில்ல, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும் எண்டு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க, அந்தா தயிர் வாங்க வந்து நிக்கிற ஆளுக்கும் கேக்கட்டும்.

என்ன சொல்றாரு? ஓட்டோவோட வாறாராமா? பின்பக்கத்தால வேணாம் எண்டு சொல்லுங்க. முன்னுக்கே கொண்டு வந்து நிப்பாட்டட்டும்.